நாலு ஓட்டையும் ஒரு தையல் மிஷினும்

என் சித்தி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவள் கடையைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஷட்டர் அகலம். அதில் வலது பக்கம் அவள் வீட்டுக்காரருக்கு, இடது பக்கம் இவளுக்கு. அவர் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். இவள் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு ரெக்சின் உறை தைக்கிறவள். கடைக்குள் போனால் பெயிண்ட் வாடையும் பசை வாடையும் சேர்ந்து மூக்கை அடைக்கும். இரண்டு பேருக்கும் அது வாடையாகவே தெரியாது. கல்யாணமான வருஷத்திலிருந்து அதற்குள்தான் இருக்கிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரெக்சின்தான். தொழிலால் வந்த பேர் பாதி, குணத்தால் வந்த பேர் பாதி. யார் என்ன சொன்னாலும் மேலே பட்டு வழிந்து போகும், உள்ளே இறங்காது. வீட்டுக்காரருக்கும் ஒரு பேர் உண்டு, அரைவார்த்தை. எந்தப் பேச்சை எடுத்தாலும் பாதியில் விட்டுவிட்டு, மீதியை நாமே முடித்துக்கொள்ளட்டும் என்று முகத்தைப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்றே, "எனக்குப் பொண்ணை..." என்று நிறுத்திவிட்டார். பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. அப்போதே நாங்கள் பாடம் படித்திருக்க வேண்டும்.

மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருஷம் ஆன பிறகு அவளுக்கு மறுபடியும் உதிரம் பட்டது. என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் அவளுக்கு மூத்தவள், எங்கள் அம்மாக்கள் கூடப்பிறந்தவர்கள்.

"அக்கா, எனக்கு வயசு திரும்புது போல. நேத்துத் துணியில பட்டுச்சு."

"வயசு திரும்பினா முடி கறுக்கணும்டி. இது என்னன்னு போய்க் காட்டு."

"மிஷின்ல குந்திக்கிட்டே இருக்கேன்ல, சூடு. தானா நிக்கும்."

தானாக நின்றது, தானாகத் திரும்பவும் வந்தது. மூன்றாம் தடவை வந்தபோது நான் அவள் கடைக்கே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். "இன்னைக்கு ஆஸ்பத்திரி. இல்லேன்னா நான் இங்கேயே உக்காந்து உன் வாடிக்கைக்காரங்க எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொல்லுவேன்" என்றேன். எழுந்து வந்துவிட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு உள்ளேயிருந்து ஒரு துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையின் உள் சுவரில் புற்றுநோய் என்று வந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அரைவார்த்தைக்கு அந்த அரையும் போய்விட்டது. ரெக்சின் மட்டும் டாக்டரம்மாவை நேராகப் பார்த்து, "எடுத்திடலாமா?" என்று கேட்டாள். சீட்டில் கிழிசல் பார்க்கிற மாதிரிதான் கேட்டாள், ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் கை ஈரமாக இருந்தது.

டாக்டரம்மா நிதானமான மனுஷி, எங்களுக்கு மகள் வயசுதான் இருக்கும். சொன்னதை இரண்டு தடவை சொன்னார். "வயித்துல நாலு சின்ன ஓட்டை போடுவோம். ஒண்ணு வழியா கேமரா போகும், மத்தது வழியா கருவி போகும். ஒரு பச்சைச் சாயம் விட்டுப் பார்ப்போம். நோய் வெளியே பரவினா முதல்ல எந்த நிணநீர் முடிச்சுக்குப் போகும்னு அது காட்டும். அந்த முடிச்சுகளையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம். அது வந்தாத்தான் எந்த நிலைன்னு சொல்ல முடியும். ஒருவேளை ஓட்டை வழியாச் செய்ய முடியலைன்னா, வயித்தைத் திறந்துதான் செய்யணும். அதுக்கும் இப்பவே சம்மதம் சொல்லிடுங்க."

"கேமராவா? அப்ப தலை வாரிக்கிட்டு வரேன்" என்றாள் ரெக்சின்.

டாக்டரம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரிப்போடு சிரிப்பாக எங்கள் மண்டையில் ஒரு விஷயம் தப்பாக ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓட்டை போடுவது பார்ப்பதற்கு, எடுக்க வேண்டுமானால் திறப்பார்கள் என்று.

அப்படி ஏறுவதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தாய்மாமன் பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தையல். அந்த அத்தை சாகிற வரைக்கும் வீட்டுக்கு வருகிற பெண்களை எல்லாம் உள்ளே கூட்டிப் போய்ப் புடவையை விலக்கிக் காட்டுவாள். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது என்றால் அந்தத் தையல்தான். அதே மாமாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது திறந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடினார்கள். சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பாடம்.

ஆபரேஷன் அன்று நானும் அரைவார்த்தையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், நடுக்கடலில் இருந்தான். அரைவார்த்தையின் தங்கை கொஞ்சம் தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் பெண்கள் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவள், எல்லோருக்கும் விடுதியம்மா. அவளுக்கும் ரெக்சினுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். மாமியார் போனபோது அவருடைய தையல் மிஷினை மகள் விடுதியம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எடுத்துப் போனவள் தைத்தாளா என்றால் அதுவும் இல்லை. மேலே துணி விரித்து டிவியைத் தூக்கி வைத்துவிட்டாள். "தைக்கிறவ நான் இருக்க, டிவிக்கு மிஷினாம்" என்று ரெக்சின் அன்று சொன்னது இரண்டு தெருவுக்குக் கேட்டது. அதோடு சரி.

நான் தண்ணீர் பிடித்துவரப் போன நேரம் பார்த்து டாக்டரம்மா வெளியே வந்திருக்கிறார். அரைவார்த்தையிடம் நின்று பேசிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது அரைவார்த்தையின் காது இரண்டும் சிவந்திருந்தன. விடுதியம்மாவும் தூணைச் சுற்றி வந்துவிட்டாள்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"நாலு ஓட்டைதான்" என்றார்.

"திறக்கலையா?"

"திறக்கலை. அது வந்து... கீழ..."

"கீழ என்ன?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "ரிப்போர்ட் வரணும்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

விடுதியம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பிறகு அவள்தான் சொன்னாள். "உங்க மாமாவுக்காவது திறந்து பார்த்தாங்கன்னு சொல்லுவீங்க. அண்ணிக்குத் திறக்கவே இல்லை."

திறந்து பார்க்கிற அளவுக்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

"அண்ணன்கிட்ட நாம எதுவும் கேக்க வேண்டாம்" என்றாள் அவள். "அவரு மூஞ்சியைப் பார்த்தீங்கல்ல. இடிஞ்சு போயிட்டாரு. தாங்க மாட்டாரு."

மறுநாள் காலையில் ரெக்சினை நடக்க வைத்தார்கள். நடந்தாள். கஞ்சி கொடுத்தார்கள், குடித்தாள். ரவுண்ட்ஸ் வந்த இன்னொரு டாக்டர், "நல்லா இருக்கீங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்றார். எனக்கும் விடுதியம்மாவுக்கும் இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது. கர்ப்பப்பை எடுத்தவளை மறுநாளே யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா? அத்தை படுக்கையை விட்டு இறங்கவே எத்தனை நாள் ஆனது.

வீட்டுக்கு வந்த பிறகு ரெக்சின் வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகளைத் தடவிப் பார்த்தபடியே படுத்திருப்பாள். ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. என்ன நினைக்கிறாளோ என்று பார்ப்பேன். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் சாப்பிடுவாள், பேச மாட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

ஒரு மத்தியானம் வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. விடுதியம்மா இறங்கினாள். பின்னால் இரண்டு ஆட்கள் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமியாரின் தையல் மிஷின். துடைத்து, எண்ணெய் போட்டு, புதுப் பெல்ட்டும் மாட்டியிருந்தது. கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள்.

"அண்ணி, இது உங்களுக்குத்தான். எப்பவோ கொடுத்திருக்கணும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

ரெக்சின் மிஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அக்கா, கதவைச் சாத்து" என்றாள்.

சாத்தினேன்.

"எவ்வளவு நாள்னு சொன்னாங்க?"

"என்னடி எவ்வளவு நாள்?"

"நடிக்காதே. உனக்கு நடிக்க வராது. அவ அந்த மிஷினைத் தன் புருஷன் கேட்டாலே கொடுக்க மாட்டா. எனக்குக் கொண்டு வந்து இறக்கியிருக்கான்னா, நான் போறது நிச்சயம்னு அர்த்தம்."

"அப்படி எல்லாம் இல்லைடி."

"நான் என்ன தொழில் பண்றேன்? சீட்டுக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்சு வெளியே வரணும்னா தையலைப் பிரிக்கணும். ஊசி போன ஓட்டை வழியா ஸ்பாஞ்சு வருமா? இவ்வளவு பெரிய பிள்ளையைச் சுமந்த பை. இந்த ஓட்டை வழியா எப்படி வரும்? உள்ள பார்த்திருக்காங்க, பரவிப்போய்க் கிடந்திருக்கு, விட்டுட்டாங்க."

நான் கலைந்திருந்த போர்வையைச் சரிசெய்தேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அழவில்லை. கடையில் யாருடைய சீட் எது, எதற்கு எந்த நிற ரெக்சின் என்று சொல்ல ஆரம்பித்தாள். பச்சை ஸ்கூட்டர்காரனுக்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். பிறகு வீட்டுக்காரருக்கு வந்தாள்.

"அவரு பசிக்குதுன்னு சொல்ல மாட்டாரு, அக்கா. 'தட்டு...'ன்னு மட்டும் சொல்லுவாரு. சோறு போட்டுடணும். 'சட்டை...'ன்னா பட்டன் அறுந்திருக்கு. 'இன்னைக்கு...'ன்னு சொல்லிட்டுச் சும்மா நின்னாருன்னா மனசு சரியில்லைன்னு அர்த்தம். அப்ப எதுவும் கேக்கக் கூடாது, பக்கத்துல உக்காந்தா போதும். இதையெல்லாம் யாரு கத்துக்குவா?" அங்கேதான் அவள் குரல் உடைந்தது.

அரைவார்த்தை அந்த நாட்களில் கடையைத் திறக்கவே இல்லை. கட்டில் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். மனுஷன் உள்ளுக்குள் உடைந்து கிடக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் அவரிடம் குரலைத் தாழ்த்தியே பேசினோம். அவரோ, ரிப்போர்ட் என்ன வருமோ என்று மட்டும் பயந்துகொண்டிருந்தார். மற்றதெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தார். மிஷின் வந்து இறங்கியதைப் பார்த்து, "தங்கச்சி..." என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

ரிப்போர்ட் வருகிற நாள் நாலு பேரும் போனோம். ரெக்சின் நல்ல சேலை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "கடைசியா அந்தம்மாவைப் பார்க்கிறேன், மரியாதையா பார்க்கணும்" என்றாள் என் காதோடு. டாக்டரம்மா அறையில் இரண்டு நாற்காலிதான். ரெக்சினும் அவள் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார்கள். நானும் விடுதியம்மாவும் பின்னால் நின்றோம். விடுதியம்மா முன்னெச்சரிக்கையாகக் கைக்குட்டையை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பினார். "நல்ல சேதிம்மா. முடிச்சுகள்ல எதுவும் இல்லை. கர்ப்பப்பைக்கு வெளியே எங்கேயும் போகலை. உள் சுவர்ல மட்டும்தான் இருந்திருக்கு, ஆழமாகவும் இறங்கலை. முதல் நிலைதான். உங்களுக்குக் கதிர்வீச்சும் வேண்டாம், மருந்து ஏத்தவும் வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போனா போதும்."

அரைவார்த்தை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் விடுதியம்மாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரெக்சின் மட்டும் கணக்கை விடவில்லை.

"சரிங்க டாக்டர். அப்ப அதை எப்ப எடுப்பீங்க?"

"எதை?"

"கர்ப்பப்பையை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதை அன்னைக்கே எடுத்தாச்சேம்மா. கர்ப்பப்பை, குழாய், ரெண்டு சினைப்பை, எல்லாத்தையும். எடுத்துச் சோதிச்சதாலதானே இவ்வளவும் சொல்றேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட நின்னு விவரமா சொன்னேனே."

நாங்கள் மூன்று பேரும் அரைவார்த்தையைப் பார்த்தோம். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"இந்த ஓட்டையிலயா?" என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டாள் ரெக்சின்.

"ஓட்டை வழியா உள்ள எல்லாத்தையும் பிரிச்சு விட்டோம். வெளியே எடுத்தது கீழ் வழியா. உங்க மகன் வந்த வழிதான். அப்புறம் அந்த வழியோட மேல்முனையை உள்ளேயே தையல் போட்டு மூடிட்டோம். அதனாலதான் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு சொன்னது."

ரெக்சின் மெதுவாக நெற்றியில் கை வைத்தாள்.

"அடியில பிரிச்சு எடுத்திருக்காங்க, அக்கா" என்றாள் என்னைத் திரும்பிப் பார்த்து. "சீட்டைக் கவுத்துப் போட்டு, அடியில இருக்கிற பின்னைக் கழட்டினா மேல் ரெக்சின்ல ஒரு கீறல் இல்லாம ஸ்பாஞ்சு வந்துடும். தினம் நான் பண்ற வேலை. எனக்கு ஏன் தோணலை?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். விடுதியம்மா தயாராக வைத்திருந்த கைக்குட்டை அதற்குப் பயன்பட்டது. டாக்டரம்மாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களை அனுப்புகிற அவசரம் அவருக்கு இருந்த மாதிரி தெரியவில்லை.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் ரெக்சின் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. கீழ..."

"கீழன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனா எங்களுக்கு என்ன தெரியும்? நான் இங்க ஒவ்வொரு நாளும் செத்துக்கிட்டிருந்தேன்."

"உங்க அக்கா நிக்கிறாங்க. தங்கச்சி நிக்கிறா. அவங்க முன்னாடி நான் எப்படி..." அவர் காது மறுபடியும் சிவந்தது. "எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்."

அவர் மூன்று வாக்கியத்தை முழுசாக முடித்ததே எனக்கு ஆச்சரியம். ரெக்சின் அவர் சட்டையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு விடுதியம்மா தொண்டையைக் கனைத்தாள். "அண்ணி, அந்த மிஷின்..."

"என்ன மிஷின்?"

"இல்ல, வீட்ல டிவி தரையில கிடக்கு."

"கிடக்கட்டும். குனிஞ்சு பாரு. முதுகுக்கு நல்லது."

"சாகப் போறீங்கன்னு நினைச்சுல்ல கொடுத்தேன்."

"நான் கேட்டேனா? நீயா வேன் வச்சு இறக்கினே. இப்ப நான் கனம் தூக்கக் கூடாது, டாக்டரே சொல்லிட்டாங்க. நகர்த்த முடியாது."

"அப்ப நான் ஆளை அனுப்பறேன்."

"அனுப்பு. கதவைத் திறக்கவும் நான் கனமா இழுக்கக் கூடாது."

பேசிக்கொண்டே இருவரும் முன்னால் போனார்கள். விடுதியம்மாவின் கை அண்ணியின் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தது, படி இறங்கும்போதும் விடவில்லை. அத்தனை வருஷம் விட்டுப்போன பேச்சை அந்தப் படிக்கட்டிலேயே சரிக்கட்டிவிடுவார்கள் போலிருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த மிஷினில் ரெக்சின் தைக்க முடியாது. துணி தைக்கிற மிஷின், தடித்த உறைக்கு ஊசி இறங்காது. அது ரெக்சினுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். இப்போது அதன் மேல் அவள் வீட்டு டிவி இருக்கிறது. விடுதியம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அதைப் பார்த்து ஒரு மூச்சு திட்டிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

மூன்று மாதம் கழித்துக் காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். ரெக்சின் அதற்குள் கடைக்குத் திரும்பிவிட்டாள். பச்சை ஸ்கூட்டர்காரனுக்கு இரட்டைத் தையலை அவளே போட்டுக் கொடுத்தாள். அன்று பரிசோதனை முடிந்ததும் அவள் சேலையைச் சரிசெய்துகொண்டிருக்க, டாக்டரம்மா அரைவார்த்தையை மட்டும் உள்ளே கூப்பிட்டு விவரம் சொல்லி அனுப்பினார். வேண்டுமென்றேதான் செய்தார் என்று நினைக்கிறேன்.

ரெக்சின் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காத்திருக்கிற ஆட்களால் கூடம் நிரம்பியிருந்தது. அவர் வந்து அவள் முன்னால் நின்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, "முழுசா சொல்லுங்க" என்றாள்.

அவர் ஒரு தரம் சுற்றிலும் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். நம்பர் பிளேட்டில் எழுத்தை ஒவ்வொன்றாக வைக்கிற மாதிரி, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நோய் எங்கேயும் இல்லை. எல்லாம் சுத்தமா இருக்கு. கீழ உள்ள போட்ட தையல் நல்லா ஆறிடுச்சு. இனிமே நீ என்ன வேணாலும் தூக்கலாம். இன்னும் மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நல்லது என்று தலையாட்டினார்.

"போதும், போதும்" என்றாள் ரெக்சின், அவர் கையைப் பிடித்து இழுத்தபடி. அன்று காது சிவந்தது அவளுக்கு.